நான்காம் மாடியில் மட்டுவில் கத்தரி: விதையிலிருந்து விதை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது மகளின் குடும்பத்துடன் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கிறார். அதே ஒழுங்கையில் குடியிருக்கும் நான், வீட்டுத்தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்துவருகிறேன். ஒழுங்கை முழுவதும் அவரை ரீச்சர் என்றுதான் அழைக்கும். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு பங்குனித் திங்கட்கிழமை ஒன்றுக்குத் தென்மராட்சியின் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போய்வந்த உறவினர் ஒருவர், ரீச்சரின் தங்கை கொடுத்தனுப்பியதாக ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பழைய பஞ்சாங்கத் தாளில் மடித்த கத்தரி விதைகள் இருந்தன. மட்டுவில் கத்தரிக்காயின் பெயர் யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது அங்கே முட்டிக்கத்தரி என்று சொல்லப்படும் உருண்டை இனம். ரீச்சரின் தாயார் காலத்திலிருந்து அந்த வளவில் விதையெடுத்து விதையெடுத்து வந்த வழி என்று தங்கை எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்ததில் 44 விதைகள்.

கடையில் விதை கிடைக்காமல் இல்லை. திருநெல்வேலி ஊதா, பதகொட, லேன ஈரி என்று விவசாயத் திணைக்களம் வெளியிட்ட நல்ல இனங்கள் இருக்கின்றன. ரீச்சருக்குத் தேவைப்பட்டது அவையல்ல. இந்த 44 விதைகள் போய்விட்டால், அடுத்த முறை யாராவது ஊருக்குப் போய்வரும்வரை காத்திருக்க வேண்டும். இதனால்தான் இந்த நிகழ்வில் ஒவ்வொரு முடிவையும் எண்ணி எண்ணி எடுக்க நேர்ந்தது.

முதல் விதைப்பு: ஏப்பிரல்

ஏப்பிரல் 4ஆம் திகதி ரீச்சர் 24 விதைகளை விதைத்தார். மிகுதி இருபதையும் உறையிலேயே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மண்ணில் போடக் கூடாது என்பது அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்த வழக்கமாம். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, இந்த நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

விதைத்தது எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகளில். வளர்ப்பு ஊடகம், கடையில் கட்டியாக அழுத்தி விற்கப்படும் தேங்காய் மட்டைத் தும்புத்தூள். கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பொங்கி வந்ததை அப்படியே சட்டியில் நிரப்பி, விதையைத் தூவி, மேலே பொலித்தீன் தாளால் மூடி, சமையலறை மூலையில் வைத்தார். காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளித்தார்.

கொழும்பில் கத்தரி முளைப்பதற்குச் சூடு போதாது என்ற பேச்சே இல்லை. 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. இங்கே ஆண்டு முழுவதும் அந்த அளவுதான். எட்டாம் நாள் முதல் முளை வந்தது. சித்திரைப் புத்தாண்டன்று காலை ஒன்பது முளைகள் நின்றன. ரீச்சர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏப்பிரல் 16ஆம் திகதி 15 முளைகள். விதையில் உயிர் இருக்கிறது என்பது அன்றே உறுதியானது.

அதன் பின் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கின. அந்த நாட்களில் பின்னேரம்தோறும் இடிமழை. சமையலறையில் துணிகூடக் காயவில்லை. 25ஆம் திகதி என்னை அழைத்தபோது நான்கு நாற்றுகள்தான் மிச்சம்.

கவனித்தவை

எறும்பு அறுத்துவிட்டது என்று ரீச்சரும், வெயில் போதவில்லை என்று மகளும் நினைத்திருந்தார்கள். அன்று காலை சாய்ந்திருந்த நாற்றொன்றை விரலில் எடுத்துப் பார்த்தோம். இரண்டு வித்திலைகளும் பச்சையாக, வாடாமல் இருந்தன. தண்டு மட்டும், தூளைத் தொடும் இடத்தில் ஒரு அரிசி நீளத்துக்குப் பழுப்பு நிறமாகி, ஈரத்தில் ஊறி, தையல் நூல் பருமனுக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு மேலும் கீழும் தண்டு நலமாகவே இருந்தது. எறும்போ வெட்டுப்புழுவோ அறுத்திருந்தால் வெட்டு துப்புரவாக இருக்கும். வெயில் பற்றாக்குறை நாற்றை நெடுக வைக்குமே தவிர, ஒரே இரவில் கழுத்தை ஒடிக்காது. இது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சணங்களும் அவற்றை ஒத்த கிருமிகளும் ஈரம் வடியாத, காற்று ஓடாத இடத்தில் இளந்தண்டைப் பிடித்துக்கொள்ளும் நோய். விழுந்த நாற்றை எதுவும் மீட்காது.

சட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தது. தயிர்ச் சட்டிக்கு அடியில் துளை ஏது? காலையும் பின்னேரமும் ஊற்றிய தண்ணீர் எல்லாம் உள்ளேயே நின்றிருக்கிறது. முளை வந்த பிறகும் பொலித்தீன் தாளை எடுக்கவில்லை. காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்த நான்கிலும் வேறொரு குறி இருந்தது. இலை விளிம்பு பழுப்பாகத் தீய்ந்திருந்தது. இதை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை.

என் தவறான ஆலோசனை

ஈரம்தான் பிரச்சினை, வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று சொல்லி, நான்கு நாற்றுகளையும் அன்றே மேற்குப் பக்கத்துப் பல்கனிக்கு மாற்றச் சொன்னேன். அந்தப் பல்கனிக்கும் கடலுக்கும் நடுவில் மரைன் டிரைவும் ரயில் பாதையும்தான் இருக்கின்றன. மே மாதம் தொடங்கியதும் காற்று திரும்பியது. ரீச்சர் அதைக் கச்சான் என்றார். ஊரில் மேல்காற்றுக்கு அதுதான் பெயர். இரண்டு வாரத்தில் இரண்டு நாற்றுகள் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கருகி மடிந்தன. மற்ற இரண்டும் வளராமல் அப்படியே நின்றுவிட்டன. பல்கனிக் கண்ணாடியைத் துடைத்தால் விரலில் உப்புப் படிந்தது. மூடிய சமையலறையில் பிறந்த நாற்றைப் படிப்படியாகப் பழக்காமல் ஒரே நாளில் கடற்காற்றில் வைத்தது என் பிழை.

ஆனால் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது, சமையலறையில் இருந்தபோதே இலை விளிம்பு தீய்ந்துதானே இருந்தது என்று ரீச்சர் கேட்டார். சரியான கேள்வி. அவரே விடையையும் கண்டார். புதிய தும்புத்தூள் கட்டியொன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“உவர்க்கிறது தம்பி. எங்கள் ஊரில் உவர்க் கிணற்றை இப்படித்தான் கண்டுபிடிப்போம்.”

நானும் வைத்துப் பார்த்தேன். தேநீர் நிறத்தில் இருந்த அந்தத் தண்ணீரில் உப்புச் சுவை தெளிவாகத் தெரிந்தது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் இயல்பாக உண்டு; உவர்நீரில் ஊறவைத்த மட்டையென்றால் இன்னும் கூடும். கத்தரி, குறிப்பாக இளநாற்று, உப்பை அதிகம் தாங்காது. துளையில்லாத சட்டியில் அந்த உப்பு வெளியேற வழியும் இல்லை. பல ஆண்டுகளாகத் தும்புத்தூள் பயன்படுத்திவரும் நான் ஒரு தடவைகூட அதை நாவில் வைத்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் விதைப்பு: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கையில் 20 விதைகள். முழுவதையும் விதைக்கலாமா என்று பேசினோம். முதல் தடவை 24க்கு 15 முளைத்தது. ஆகவே 12 விதைத்தால் ஏழெட்டு எதிர்பார்க்கலாம். பல்கனியில் நான்கு செடிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் எட்டு உறைக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை, செப்டெம்பர் வரை, காத்திருப்போம் என்று நான் சொன்னேன். ரீச்சர் ஒப்பவில்லை. சமையலறைக்குள் மழை பெய்யவில்லையே, நாங்கள் ஊற்றிய தண்ணீர்தானே கெடுத்தது என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

தும்புத்தூளை இரண்டு நாள் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, நான்கு முறை பிழிந்து மாற்றினோம். ஒவ்வொரு முறையும் ரீச்சர் சுவை பார்த்தார். நான்காம் முறை உவர்ப்பு இல்லை. அதனுடன் சலித்த கூட்டெருவும் கழுவிய ஆற்று மணலும் சம பங்கு கலந்தோம். கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி, வடித்து, ஆறவிட்டோம். கொதிநீர் எல்லாப் பூஞ்சணத்தையும் கொன்றுவிடாது. ஆனால் வீட்டில் செய்யக்கூடியவற்றில் பயனுள்ளது, செலவும் இல்லை. பூஞ்சணக்கொல்லி வாங்கலாமே என்று மகள் கேட்டார். குழந்தைகள் நடமாடும் சமையலறையில், தண்ணீரைக் குறைத்தாலே தீரும் ஒரு பிரச்சினைக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

தயிர்ச் சட்டிக்குப் பதிலாகச் சிறிய யோகட் கப்புகளைக் கழுவி, சூடான ஆணியால் அடியில் நான்கு துளைகள் இட்டோம். ஒரு கப்புக்கு ஒரு விதை, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில். ஒன்றில் நோய் வந்தாலும் அடுத்ததற்குத் தாவாமல் இருக்கத்தான் தனித்தனிக் கப்பு. தண்ணீர் மேலிருந்து ஊற்றுவதில்லை. இரண்டு விரல் ஆழம் தண்ணீர் உள்ள தட்டில் கப்புகளை இருபது நிமிடம் வைத்து, மேல்பரப்பு கறுத்ததும் எடுத்து வடியவிடுவது. மறுபடி எப்போது என்பதை நாள் பார்த்து முடிவு செய்யாமல் கப்பைக் கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்தோம். இலேசாக இருந்தால் மட்டுமே தண்ணீர். மூடிய தாளை முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட்டோம்.

இடத்தையும் மாற்றினோம். காலை வெயில் வரும் கிழக்குப் பக்கத்துப் படுக்கையறை ஜன்னலோரம். பகலில் சில மணி நேரம் மேசை மின்விசிறியை எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பி மெல்ல ஓடவிட்டார்கள்.

தொடர்ந்து நடந்தவை

ஜூன் 3ஆம் திகதி விதைப்பு. 14ஆம் திகதிக்குள் 12க்கு 9 முளைத்தன. ஒன்று மட்டும் அழுகியது. அது தட்டில் மறந்துபோய் இரவு முழுவதும் நின்ற கப். மற்ற எட்டும் குட்டையாக, தடித்த தண்டுடன் வந்தன. முதல் தொகுதியின் ஒல்லி நாற்றுகளைப் பார்த்த கண்ணுக்கு இவை வேறு இனம் போலவே தெரிந்தன. ஜூலை இரண்டாம் வாரத்தில் ஐந்தாவது இலை விரிந்ததும், ஒரு வாரம் பல்கனிக் கதவோரத்தில் நாளுக்குச் சில மணி நேரம் வைத்துப் பழக்கி, பிறகு மாற்றி நட்டோம்.

நான்கு செடிகள், துளையிட்ட 20 லீற்றர் பெயின்ற் வாளிகளில் பல்கனிக்குப் போயின. கம்பிக் கிராதியில் பச்சை நிழல்வலையை இரட்டையாகக் கட்டிக் கச்சானை மறித்தோம். காற்று பலமாக அடித்த இரவுக்கு மறுநாள் காலையில் இலைகளை நன்னீரால் கழுவி விடுவது ரீச்சரின் பேரனுடைய வேலை. இலை விளிம்பு தீய்வது அறவே நிற்கவில்லை. ஆனால் செடியை நிறுத்தும் அளவுக்கு வரவில்லை.

மற்ற நான்கு நாற்றுகளில் இரண்டை அயலவர்களுக்குக் கொடுத்தார். இரண்டைக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சிங்களப் பெரியவர் வாங்கி, மதிலோரத்து நிலத்தில் நட்டார். நிலத்தில் நட்ட இவைதான் முதலில் செழித்தன. ஓகஸ்ட் கடைசியில், முழங்கால் உயரம் வந்தபோது, ஒன்று நண்பகலில் துவண்டு பின்னேரம் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகவே இல்லை, பச்சையாகவே தொங்கியது. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் இருந்த தெளிந்த தண்ணீரில் வெட்டு முகம் படும்படி தொங்கவிட்டோம். ஓரிரு நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போன்ற வெண்மையான இழை, புகை இறங்குவதுபோல், அசையாமல் கீழே இறங்கியது. பக்டீரியா வாடல் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வீட்டில் பார்க்க முடியாது. முந்தைய ஆண்டு அதே இடத்தில் தக்காளியும் இப்படித்தான் செத்தது என்று பெரியவர் அப்போதுதான் சொன்னார். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, கத்தரி எல்லாம் ஒரே குடும்பம், நோய்க்கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மருந்து கிடையாது. இரண்டு செடிகளையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டோம், கூட்டெருக் குழியில் போடவில்லை. அந்த மண்ணைக் கிளறிய மண்வெட்டியை மேல்மாடிக்குக் கொண்டுபோவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

பல்கனியில் வேறு சிக்கல். ஓகஸ்ட் மூன்றாம் வாரம் பூத்த முதல் பூக்கள் எல்லாம் காம்போடு உதிர்ந்தன. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி வரிசையாக வைத்துப் பார்த்தோம். மஞ்சள் மகரந்தக் கூம்புக்கு வெளியே, மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி தலைகாட்டவே இல்லை. உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தது. கத்தரியில் இத்தகைய குறுந்தண்டுப் பூ பெரும்பாலும் காய்க்காது. சூல்தண்டு நீண்டு கூம்பைத் தாண்டி நிற்கும் பூதான் காய் பிடிக்கும். அதுவரை ரீச்சர் அரிசி கழுவிய தண்ணீருடன் மீன் கழுவிய தண்ணீரையும் ஒரு நாள் தவறாமல் ஊற்றிவந்தார். இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கையைவிட இரண்டு மடங்கு அகலமாக இருந்தன. தழைச்சத்து மிஞ்சியிருக்கலாம் என்று நினைத்து மீன் தண்ணீரை நிறுத்தினோம். கீழ்வீட்டாருக்கு அந்த மணம் தொந்தரவு என்பதும் ஒரு காரணம். இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெரு மட்டும் போட்டோம்.

இன்னொன்று, நான்காம் மாடியில், வலைக்குள், வண்டு வருவதில்லை. கத்தரியின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகவே தூளை உதிர்க்கும். கருவண்டு போன்றவை பூவைப் பிடித்து அதிர வைத்தால் நன்றாகக் கொட்டும். ரீச்சர் காலை எட்டு மணிக்குப் பிறகு ஒவ்வொரு பூக்காம்பையும் விரல்நுனியால் தட்டிவிடத் தொடங்கினார். செப்டெம்பர் முதல் வாரத்தில் நீள்தண்டுப் பூக்கள் வந்தன. ஐந்தில் மூன்று பிடித்தன. தட்டியதால் பிடித்ததா, பசளையைக் குறைத்ததால் பிடித்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டோம்.

தண்டுத் துளைப்பான் ஒக்டோபரில் வந்தது. துவண்ட குருத்தைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. அத்தகைய குருத்துகளை நலமான தண்டு தெரியும்வரை வெட்டி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்தினோம். மொத்தம் ஆறு குருத்துகள், இரண்டு காய்கள் போயின.

விளைவு

செப்டெம்பர் கடைசி வாரத்தில் முதல் காய். டிசம்பர் முடிவில் நான்கு செடிகளிலிருந்தும் 37 காய்கள் பறித்திருந்தார்கள். மட்டுவில் மண்ணில் காய்க்கும் அளவு பருமன் வரவில்லை என்று ரீச்சர் சொன்னார். முதல் காய்களைப் பால்கறி வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார். தோல் மெல்லியது, விதை குறைவு, கசப்பு இல்லை.

அவருக்கு முக்கியமானது வேறு. ஒவ்வொரு செடியிலும் நல்ல உருவுள்ள ஒரு காயைப் பறிக்காமல் நூல் கட்டி விட்டிருந்தார். கறிக்குப் பறிக்கும் பிஞ்சில் உள்ள விதை முற்றாது, முளைக்காது. சந்தைக் கத்தரிக்காயை வெட்டி விதை எடுத்து ஏமாறுகிறவர்கள் பலர். நூல் கட்டிய காய்கள் மஞ்சளாகி, பழுப்பு ஓடி, நவம்பர் கடைசியில் தொட்டால் அமுங்கும் பதத்துக்கு வந்தன. அவற்றைத் தண்ணீரில் பிசைந்து, மிதந்ததை ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய விதைகளை மட்டும் எடுத்து, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் உலர்த்தினார். எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்துப் பல்கனிகளில் வேறு இனக் கத்தரி இல்லாததால் கலப்பு நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கருதுகிறோம். வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்ட கண்ணாடிப் போத்தலில், தாளில் மடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார்.

அடுத்த முறை மாற்றப்போவது

தும்புத்தூளைச் சுவை பார்க்காமல் இனி விதைப்பதில்லை. பூக்கும்போது பசளையையும் பூத்தட்டலையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், இரண்டு செடிகளில் ஒன்றையும் மற்ற இரண்டில் மற்றதையும் செய்து பார்ப்போம். நாற்று கொடுக்கும்போது அது போய்ச் சேரும் நிலத்தில் முன்பு என்ன செத்தது என்று கேட்டுவிட்டே கொடுப்போம். இரண்டு நல்ல நாற்றுகளை அந்தக் கேள்வி காப்பாற்றியிருக்கும். என் பங்குக்கு, ஒரு காரணம் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறேன். இலை விளிம்பில் இருந்த தீய்வை ஏப்பிரல் 25ஆம் திகதியே கண்ணால் பார்த்தேன்.

நிலத்துக்கும் ஒரு வழி பார்க்கிறோம். கீழ்த்தளத்துப் பெரியவர் தம் ஊரில் திப்பட்டுச் செடியில் கத்தரியை ஒட்டுவார்கள் என்றார். அது நம் சுண்டங்காய்தான். அதன் வேர் பக்டீரியா வாடலைப் பெரிதும் தாங்கும். டிசம்பரில் அவர் சுண்டங்காய் விதை கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் விதைப்பில் செய்த அதே முறையில் விதைத்தோம். கத்தரியைவிட மிக மெதுவாக முளைத்தன. பத்து நாற்றுகள் இப்போது கிழக்கு ஜன்னலோரம் நிற்கின்றன. தண்டு இன்னும் ஒட்டும் பருமனுக்கு வரவில்லை. வந்ததும், உறையில் மிஞ்சியிருக்கும் பழைய எட்டு விதைகளிலிருந்து நாற்றெடுத்து அவற்றில் ஒட்டுவதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார்.